நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

உங்கள் மின்விசிறி சத்தம் போடுகிறது, இன்ஸ்பெக்டர். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். இப்போது யாரும் எதையும் பேணுவதில்லை. முப்பது வருஷமாக இதைத்தான் பாடமாக நடத்தினேன்.

ராஜபாளையத்தில் வரலாற்றுப் பேராசிரியர் நான். நாகரிகம் சரிகிறது என்று மேற்கத்திய அறிஞர்கள் காலந்தோறும் புலம்பிய வரலாறு என் துறை. நானும் அவர்கள் கட்சிதான். என்னிடம் ஆய்வு செய்த வெங்கடேஸ்வரி, மில் தொழிலாளியின் மகள், அந்த வரலாற்றை ஐந்து வருஷம் உழைத்து எழுதினாள். கெட்டிக்காரி. நான் கையெழுத்துப் போட்டால் டாக்டர் பட்டம்.

கடைசி அத்தியாயம்தான் வம்பு. அச்சு வந்தபோதும் ரயில் வந்தபோதும் வானொலி வந்தபோதும் ‘எல்லாம் போச்சு’ என்றார்கள். போனது உலகமல்ல, சொன்னவர்களின் மவுசு என்று எழுதியிருந்தாள். அதன் கடைசி அடிக்குறிப்பு, நாற்பத்தொன்றாவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆற்றிய சொற்பொழிவை உதாரணம் காட்டியது. என் பெயரோடு. எனக்கு எரிச்சல் வந்தது, மறைப்பானேன்?

போன மாதம் துறையோடு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குச் சுற்றுலா போனோம். மற்றவர்கள் தள்ளி, வேனருகே சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் ஓடையின் நடுப்பாறையில் நின்று கால் அலம்பினாள். நான் கரையில் நின்றேன்.

“அந்தக் குறிப்ப மட்டும் எடுத்துரும்மா.”

“எப்படி சார் எடுக்க? ஆதாரத்த மறைக்காதன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீய?” என்று சிரித்தாள்.

அப்போது தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகு மிதந்து வந்தது. நான் கூமாப்பட்டிக்காரன். தண்ணீர் அப்படி வந்தால் மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்குகிறது என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். டவுனில் வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை.

“சார், தண்ணி என்ன இம்புட்டு கலங்கி வருது?”

“மேல மாடு எறங்கியிருக்கும். செத்த நேரம் அங்கனயே நில்லு, பேசி முடிச்சிருவோம்.”

பேசிக்கொண்டே நான் மேட்டில் நாலடி ஏறிக்கொண்டேன்.

தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. வெள்ளம் பாறையைச் சூழ்ந்ததும் “சார், கையக் குடுங்க” என்றாள், இரண்டு தடவை. என் கைகள் பின்னால் கட்டியிருந்தன. வகுப்பில் நிற்கிற பழக்கம் அது.

அவள் நினைவாக ஆய்வேட்டை நானே அச்சுக்குக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் நாற்பது அடிக்குறிப்புகள்.

இரங்கல் கூட்டத்திலும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அவள் அப்பா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் தாங்கவில்லை. அன்று சொன்னதையே நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்: காலம் கெட்டுவிட்டது, ஐயா. ஒரு பெண்பிள்ளை கண்ணெதிரே வெள்ளத்தில் போகிறாள். கை நீட்ட ஒரு மனிதன் இல்லை.