ஈராண்டு மறைந்திருந்த பிழையை முன்வந்து சொன்ன பரிமளம் அம்மையாருக்கு

கலஹா மலைச்சாரலில் பிறந்து, கணினிக் கலையில் சிறந்து, பிலிமத்தலாவை மென்பொருள் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கடமையே கண்ணாயிருந்து இன்று ஓய்வுபெறும் பரிமளம் அம்மையார் அவர்களே! பேராதனை பஸ்ஸைத் தவறவிட்டாலும் பொறுமையைத் தவறவிடாத பெருந்தகையே! வணக்கம்.

அம்மையாரின் அருமைகளையெல்லாம் அடுக்கினால் மேசையில் தேநீர் ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

நாம் எழுதும் நிரலைப் பொறிமொழியாக்கும் கம்பைலர், கைவசம் இல்லாத புரொசசரைப்போல நடிக்கும் எமுலேட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நம் நிலையத்தில் இளையவரான றிஸானா அவ்வேலையைப் புதிய சேர்வருக்கு மாற்றினார். மாற்றிய வாரமே கம்பைலர் நினைத்தபோது பாதியில் நின்று விழுந்தது, நினைத்தபோது ஓடியது. பழி முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையில் போட்டோம், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பதவிவிலகல் கடிதத்தோடு அம்மையாரின் கதிரையருகே வந்து நின்றார் றிஸானா.

அம்மையார் கடிதத்தை வாங்கிக் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தில் ஓட்டத்துக்கு ஒன்றாகக் கோடு போடத் தொடங்கினார். ஒரே ஃபைலை இருநூறு முறை ஓட்டினார். ஏழு முறை விழுந்தது, ஏழும் வெவ்வேறு இடத்தில். புரொசசருக்குள் தனித்தனியே கணிக்கும் கோர்களில் ஒன்றே ஒன்றை மட்டும் எமுலேட்டருக்குக் கொடுத்து ஓட்டினார், ஒருமுறையும் விழவில்லை. பல கோர்கள் சேர்ந்தோடும்போது எமுலேட்டரே தடுமாறுகிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் பழைய சேர்வரில் ஏன் விழவில்லை? அதையும் திறந்து பார்த்தார். கம்பைலர் விழுந்தால் சத்தமில்லாமல் மூன்று முறை மறுபடி ஓட்டிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்று அங்கே இருந்தது. மூன்றில் ஒருமுறை ஓடிவிடும், விழுந்தது வெளியே தெரியாது. ஈராண்டுக்கு முன் அவசரத்துக்கு அதை எழுதி மறந்தவர் அவரேதான்.

வாய் திறக்காதிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பழி மட்டும் றிஸானாவை விட்டிருக்காது. மறுநாள் மேலாளர் முன்னிலையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "அந்தப் புள்ள மேல தப்பு இல்லைங்க. ரெண்டு வருசமா விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. மறைச்சு வச்சது நான் எழுதுனது." சொல்லிவிட்டுக் கடிதத்தை றிஸானாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அன்று முதல் இங்கே விழுந்ததை யாரும் மறைப்பதில்லை, பதிந்து வைக்கிறோம்.

அம்மையீர்! பஸ்ஸுக்கு ஓட வேண்டாத காலைகள் பல்லாயிரம் கண்டு, நோய்நொடி நெருங்காது தாங்கள் நிறைவோடு வாழ்க! இம்மடலைச் சட்டகத்திலிருந்து என்றேனும் கழற்றினால் பின்னால் பழைய தாள் ஒன்று இருக்கும். ஒருபுறம் பதவிவிலகல், மறுபுறம் தாங்கள் போட்ட கோடுகள். அதைப் பத்திரமாக வைத்திருந்தவர், நாளை தங்கள் கதிரையில் அமரப்போகிறவர், கீழே முதலில் ஒப்பமிடுகிறார்.

றிஸானா
மற்றும் நிலையப் பணியாளர் அனைவரும்
பிலிமத்தலாவை