ஆபீஸ் திரையில் ஐந்து கடிதம்

"வீட்ல தட்டினேன், ஆபீஸ்ல தொறந்திருக்குக்கா."

ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறிய பெண், தன்னோடு வேலை செய்யும் அக்காவிடம் சொன்னாள்.

"என்னாடி தொறந்துச்சு?"

"ராஜினாமா லெட்டர். ஆபீஸ் லினக்ஸ் மிஷின்ல அடிச்சு வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி வீட்டு விண்டோஸ் லேப்டாப்லேந்து நெட் வழியா அதுக்குள்ள போயி லெட்டரத் தொறந்தேன், எந்த ஸ்கிரீன்ல காட்டணும்ங்கற நம்பரத் தப்பா குடுத்துட்டேன். லேப்டாப்ல ஒண்ணும் வரல. வரலியேன்னு அஞ்சு தடவ தட்டினேன்."

"அஞ்சும் அங்கியே தொறந்துச்சா?"

"ஆமாக்கா, மேனேஜர் சார் சீட்டுக்கு நேரா இருக்கற என் ஸ்கிரீன்ல."

"வீட்லேந்தே மூட வேண்டியதுதானே?"

"நெட் போயிடுச்சு. லெட்டர் குடுக்கறதான்னே நான் இன்னும் முடிவு பண்ணலக்கா. அவர் வர்றதுக்குள்ள மூடிடணும்."

சிக்னலில் பஸ் நின்றது. போனில் சார் அனுப்பிய செய்தி. அவள் பார்த்துவிட்டு நீட்டினாள். அக்கா வாய்விட்டுப் படித்தாள்:

"ஒரு தடவ சொன்னா போதாதாம்மா?"