மூன்று முறை கழுவிய படிகம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் கவியரசன். சொந்த ஊர் பழவேற்காடு, வேலை சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில்.

பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்களாக்கி மை போலப் பூசினால், மங்கிய வெளிச்சத்தையும் கண்டுகொள்ளும். பனிமூட்டத்தில் எதிரே வரும் படகின் விளக்கைப் பார்த்து மணியடிக்கும் பெட்டியை அதில் செய்தேன். மூன்று வருட உழைப்பு. ஊர்க்கூட்டத்தில் காட்டினேன். ஊரின் மூத்த மீனவர் தருமன் மாமா கையில் வாங்கிப் பார்த்தார். "இன்னாடா இது? உங்க நைனா இது இல்லாமத்தான் தொழில் பண்ணாரு" என்று மீன் கழுவிய தொட்டியில் போட்டார். ஊரே சிரித்தது. என் நைனாவும் சிரித்தார். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஆனால் வேலையை நிறுத்தவில்லை. படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையை மூன்று முறை கழுவி எடுத்தேன். பெட்டி இருபது மடங்கு கூர்மையாகப் பார்த்தது. கூட வேலை செய்யும் சஃபியாதான் எச்சரித்தாள்.

"அந்தப் பசதான் ஈரத்தத் தடுக்குது. ஏரிக் காத்துல மூணு நாளுக்கு மேல தாங்காது, கவி."

சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

மார்கழியில் தருமன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் படகில் பெட்டியைப் பொருத்தினேன். முதல் நாளே கடலில், பனிக்குள்ளிருந்து வந்த படகுக்கு மணி அடித்தது. என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அப்போ, மணி அடிக்கலன்னா எதிர்ல யாரும் இல்ல. பயப்படாம வுடலாம்னு சொல்லு."

"ஆமா மாமா" என்றேன்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. முறை வரும் நாளில்தான் வலை விரிக்கலாம். தவறவிட்டால் அடுத்த முறை வரை காத்துக் கிடக்க வேண்டும். பனி எவ்வளவு கொட்டினாலும் பாடு உள்ளவன் போயே தீருவான். மாமாவுக்குப் பாடு, பெட்டி பொருத்தியதிலிருந்து நான்காம் நாள். அதைப் பார்த்துத்தான் பொருத்தும் நாளைக் குறித்தேன்.

அன்று விடிந்தும் பனி விலகவில்லை. முகத்துவாரம் வழியாகத் திரும்பிய ஃபைபர் படகு விளக்கோடுதான் வந்தது. மணி அடிக்கவில்லை. மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டும் மோதின. மதியம்தான் மாமாவின் உடல் கிடைத்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தேதான். ஆனால் என் பெட்டி தோற்றுவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. மூன்று நாளும் அது ஒரு படகைக்கூடத் தவறவிடவில்லை. அவரே முதுகில் தட்டிக்கொடுத்தார்.