நாலாவது நாள் கிளைமாக்ஸ்

— தாடையைக் கொஞ்சம் இறக்குங்கம்மா. ஆங், அப்படியே. என் படத்தைப் பத்திப் பேச வந்தவங்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எதுக்கு?

— ரெண்டு தடவை போன் பண்ணேன் சார். கஸ்டமர் இருக்காங்கன்னு வெச்சுட்டீங்க. அதான் கஸ்டமராவே வந்துட்டேன்.

— கெட்டிக்காரிதான். கண்ணைச் சிமிட்டாதீங்க.

— ஒன்பது நாள்ல தியேட்டரை விட்டுத் தூக்கின படம் சார் அது. அடுத்த மாசம், பழைய படங்களைச் சேத்து வெக்கிற எங்க ஆர்க்கைவ்ல போடறோம்னு சொன்னதும் ஒரு மணி நேரத்துல டிக்கெட் தீந்துடுச்சு. முப்பது வருஷம் முன்னாடியே இப்படி ஒரு படமான்னு சின்னப் பசங்க அசந்து போறாங்க.

— என்னத்த முன்னாடி. விடியறதுக்கு முந்திக் கூவின சேவலைக் கொழம்புலதான் போடுவாங்க.

— ஒரே ஒரு விஷயம் நீங்க சொல்லணும். படப் பெட்டியில ரெண்டு கிளைமாக்ஸ் கெடைச்சிருக்கு. ஒண்ணுல அவ புருஷனை விட்டுட்டு, குழந்தையைக் கூட்டிட்டுக் கெளம்பிடறா. இன்னொண்ணுல திரும்பி வந்துடறா. எதைப் போடறது?

— என்னத்தக் கேக்கறீங்க? அவ கெளம்பினதுதான் நான் எடுத்த படம். மொத நாளே ஜனங்க சீட்டைக் கிழிச்சுட்டாங்க. புரொட்யூசர் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார். மனசு எளகி, அவ திரும்பி வர்ற மாதிரி எடுத்துக் கொடுத்தேன். நாலாவது நாள்லேருந்து அதை ஒட்டி ஓட்டினாங்க. படமும் போச்சு, மானமும் போச்சு. அதுக்கப்புறம் இந்த போட்டோ ஸ்டூடியோதான். அந்த ரெண்டாவதைக் கொளுத்திப் போடுங்க.

— எனக்கு மனசு வரலை சார்.

— ஏன்?

— ரெண்டாவது நாள் மேட்னிக்கு எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு ஏழு வயசு. படம் விட்டதும் வீட்டுக்குப் போற பஸ்ல நாங்க ஏறலை.

— ஐயோ... என்னம்மா சொல்றீங்க?

— பதறாதீங்க. அம்மா வாய்விட்டுச் சிரிச்சதை அதுக்கப்புறம்தான் நான் பாத்தேன். துணிக்கடையில நின்னுக்கிட்டே வேலை பாத்து என்னைப் படிக்க வெச்சாங்க. போன வருஷம் கண்ணை மூடற வரைக்கும், அந்த டைரக்டரை ஒரு தடவை பாத்துடணும்னு சொல்லிட்டே இருந்தாங்க.

— இருங்கம்மா. கேமராவைக் கீழ வெச்சுடறேன். ஒருத்தர் பாத்திருக்காங்க. எனக்கு இது போதும். அப்புறம் அந்த இன்னொண்ணு மேல உங்களுக்கு என்ன பாசம்?

— போன வாரம் எங்கப்பாவைத் தேடிப் போனேன். அதே வாடகை வீடு, தனி ஆளா இருக்கார். எங்களை ஏன் தேடலைன்னு கேட்டேன். நாங்க அந்தப் படத்துக்குப் போனோம்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்காங்க. அப்படி என்ன படம்னு அவரும் போய்ப் பாத்திருக்கார்.

— என்னிக்கு?

— அஞ்சாவது நாள் சார். "படத்துல அவளே திரும்பி வந்துடறாளேம்மா, அதான் நான் வீடு மாத்தாம இருக்கேன்"னார்.