லிம்போபோவுக்கு வடக்கே

— க்ளையண்ட் ஃபோன் நம்பர் குடுங்க, வரதராஜா சார். நானே பேசிக்கறனுங்க.

— என்ன யாமினி, இண்டைக்கு சார்? அங்கிள் எண்டுதானே கூப்பிடுவீர். முதல் நாளே சொன்னனான் எல்லோ, என்னத்தையும் கேளும், க்ளையண்டின்ர நம்பரை மட்டும் கேக்கக்கூடாது எண்டு. எச்-ஒன் விசா எடுத்து உம்மை சான் ஹோசேக்குக் கூப்பிட்டது என்ர கம்பெனி. அவையளோட கதைக்கிறது நான்.

— அப்ப நீங்களே பேசி, வெட்டின பத்தியைத் திருப்பிப் போடுங்க.

— பிள்ளை, இது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விக்கிற என்சைக்ளோபீடியா சிடி. என்டெபெலே சனத்தின்ர நாட்டைப் பற்றி நீர் நல்லாத்தான் எழுதியிருந்தீர். பாறைக்கு மேல பாறை நிக்கிற மட்டோபோக் குன்று, மணலைத் தோண்டினா தண்ணி வாற ஷாஷே ஆறு... எனக்கே போய்ப் பாக்கோணும் போல கிடந்தது.

— ஷாஷே எங்க கரூர் அமராவதி மாதிரிங்க, பாதி வருஷம் மணல்தான் ஓடும். அதை எழுதறதுக்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டப்பட்டு எழுதினதைத்தான் நீங்க எடுத்துட்டீங்க.

— என்னத்தை எடுத்தனான்? தெற்கில சூலு நாட்டிலயிருந்து உம்சிலிகாசி அரசன் சனத்தோட வெளிக்கிட்டது இருக்கு. போயர் எண்ட வெள்ளைக்கார விவசாயியள் கலைக்க, லிம்போபோ ஆத்தைக் கடந்து வடக்கால வந்தது இருக்கு. பிறகு வெள்ளைக்காரன்ர கம்பெனி நாட்டைப் பிடிச்சதும் இருக்கு.

— வெள்ளைக்காரன் செஞ்சா சரித்திரம். சுதந்திரம் வந்தப்புறம் சொந்த அரசாங்கம் செஞ்சா?

— அதுக்கும் ஒரு வரி விட்டனான். ‘எண்பதுகளில் சிறிது அமைதியின்மை நிலவியது.’

— ஆயிரக்கணக்குல கொன்னிருக்காங்க சார். மழை பேயாத வருஷத்துல கடையெல்லாம் மூடவெச்சுப் பட்டினி போட்டிருக்காங்க. போன வருஷம், தொண்ணூத்தேழுல, அந்த நாட்டு சர்ச்காரங்களே ரிப்போர்ட் போட்டாச்சு. எங்க கீழ்வீட்டு நர்ஸ் நோம்சா அக்கா அந்த ஊருதான். அவங்க அப்பாவை எந்தச் சுரங்கக் குழியில போட்டாங்கன்னு இன்னும் தெரியலை. இது அமைதியின்மையா?

— க்ளையண்டுக்குப் பிரச்சினையான விசயங்கள் வேண்டாமாம். வெட்டச் சொன்னவை.

— அவங்க சொன்னாங்களா, நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா?

— எதெண்டாலும் என்ன? அடுத்த சிடியும் எங்களுக்குத்தான் வரோணும்.

— நீங்க எண்பத்திமூணுல கொழும்புல வீடு எரிஞ்சு வந்தவர். அதை ஒருத்தன் ‘சிறிது அமைதியின்மை’ன்னு எழுதினா?

— எழுதித்தான் கிடக்கு. இங்கத்தைய லைப்ரரியில வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு வீட்டை போய்ச் சோறு திண்டனான். ஒண்டும் நடக்கேல்லை.

— ஒண்ணும் நடக்காதுன்னுதான் இப்ப நீங்களும் எழுதறீங்க.

— வாயைக் குறையும். உம்மட குடும்பத்தில காலேஜுக்குப் போன முதல் ஆள் நீர். நான் விசாவைக் கேன்சல் பண்ணினா, தறி ஓட்டுற அப்பாவுக்கு என்ன சொல்லுவீர்?

— வேலை போச்சுன்னு சொல்லுவேன். அவருக்கும் ரெண்டு தடவை போயிருக்கு. ஏன்னு கேப்பாரு, அதையும் சொல்லுவேன்.

— எங்க வெளிக்கிடுறீர்? பையை வையும். இரும் பிள்ளை... யாமினி! சரி, நம்பர்தானே வேணும்? தாறன். எழுதும்.

— வேண்டாமுங்க. போன தடவை நாம பண்ணின சிடி டப்பா பின்னாடியே அச்சடிச்சிருக்கு. காலையில பேசிட்டேன், நீங்க நிஜம் சொல்றீங்களான்னு பாக்கத்தான் நம்பர் கேட்டேன். ராஜினாமா உங்க மேசையில இருக்கு. வெட்டின பத்தி சிடியில அப்படியே வருதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வெட்டச் சொல்லி அங்க ஒருத்தரும் சொல்லவே இல்லையாம், அங்கிள்.