அத்தை பேர்ல ஒரு பாட்

...அத்த பேர வெப்பாங்களாண்ணா யாராச்சும்? நீங்களே சொல்லுங்க. நாய்க்குட்டிக்கு வெச்சாலே சண்ட வரும். இவுரு போயி கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டுக்கு வெச்சிருக்காரு... உக்காருங்கண்ணா, உங்க செல்லு டிஸ்ப்ளேவ கழட்டிட்டேன், இனிமே எங்க போவீங்க? பாட்டுன்னா பாட்ற பாட்டு இல்லண்ணா. பாட். ஆளே இல்லாம தானா பதில் பேசுமே, அது.

எங்க வூட்டுக்காரரு கலைவேந்தன தெரியுமில்ல? பகல்ல ஒரு கம்பெனில கணக்கு பாக்கறாரு. வூட்டுக்கு வந்தா செல்லுல துப்பாக்கி தூக்கிக்கினு ஓட்றாரு. இந்த வயசுல! அவுர மாதிரி வெளாட்றதுங்க ஊருக்கு ஊரு ஒரு கூட்டம் இருக்குதாம். இங்க வில்லியனூர்ல, காரைக்கால்ல, யாழ்ப்பாணத்துல, மலேசியாவுல... எல்லாம் தமிழ்ப் புள்ளைங்க. அதுங்க பேசிக்க ஒரு குரூப்பு. அந்த குரூப்ப மேய்க்கத்தான் இந்த பாட். மேட்ச்சுக்கு ஆள் கூப்டும், டீம் பிரிக்கும், எவனாச்சும் அசிங்கமா பேசனா திட்டி வாய மூட வெக்கும். அத இவுரே செஞ்சி, ஓப்பன் சோர்ஸுன்னு வெளிய வுட்டுட்டாரு. அதாவதுண்ணா, எழுதனத நடுத்தெருவுல வெக்கறது. யார் வேணா பாக்கலாம், எடுத்துக்கலாம், தப்பு இருந்தா திருத்தியும் அனுப்பலாம். எல்லாம் சும்மாவே. வூட்ல ஒரு பல்பு மாத்த சொன்னா மட்டும்... செரி வுடுங்க.

திட்ற வேலையாச்சே, அதான் சின்னப்பிள்ளைன்னு பேரு வெச்சாரு. சின்னப்பிள்ளைன்றது இவுரு அப்பாகூடப் பொறந்த அத்த. குருவிநத்தத்துல கரும்பு போட்ருக்காங்க. அவுங்க கொரலு கேட்டாலே வெட்ற ஆளுங்க பீடிய கீழ போட்ருவாங்க. இவுர தூக்கி வளத்ததே அத்ததான். அவுங்க பொண்ணு சுகன்யாவ இவுருக்குன்னு தொட்டில்லயே பேசி வெச்சிருந்தாங்க. இவுரு என்ன கட்டிக்கினாரு. அதோட செரி. அத்த கல்யாணத்துக்கும் வரல, எங்க வூட்டுப் படியும் ஏறல. சுகன்யாவுக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணா. வேற ஒருத்தர கட்டிக்கினு காரைக்கால்ல நல்லா இருக்குது. என் பொறந்த நாளுக்கு மொத மெசேஜே அதுதான் போடும்! அத்ததான்...

அந்த ஸ்க்ரூவ கொஞ்சம் புடிங்க, கீழ வுழுந்தா கெடைக்காது. ம்.

ஒரு நாளு காலைல தோசைக் கல்லு காயுது. வாசல்ல, "எங்கடா அவன்?"னு ஒரு சத்தம். அத்த! கழனிச் சேத்தோட நேரா பஸ் ஏறி வந்துட்டாங்க. "இன்னாடா இது, என் பேர வெச்சிக்கினு ஊரே சிரிக்குதாமே?" இவுரு எழுந்தாரு பாருங்க, லுங்கிய ஒரு கைல புடிச்சிக்கினு... நான்தான் உள்ள கூப்ட்டேன். என்ன திரும்பிக்கூடப் பாக்கல. நேரா போயி கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க.

"படிடா. இன்னா சொல்லித் திட்டுது அது?"

இவுரு படிச்சாரு. "அடேய், வாய கழுவிட்டு வாடா."

"அப்புறம்?"

"ஒழுங்கா பேசு, இல்லன்னா காத திருகிடுவேன்."

அத்த மொகத்த நீங்க பாக்கணுமே! பேரு வெச்ச கோவம் எங்க போச்சுன்னே தெரில. "தூ! இப்பிடியாடா நான் திட்டுவேன்? என் மானத்தயே வாங்கிட்டியேடா!"ன்றாங்க. இவுரு சும்மா இருக்கக் கூடாது? "அத்த, இது ஓப்பன் சோர்ஸு, யார் வேணா திருத்தலாம்"னு வாய வுட்டாரு.

"அப்ப நான் சொல்றேன், எழுதுடா."

சம்மணம் போட்டு உக்காந்தவங்கதாண்ணா. "உன் நாக்க கரும்புச் சோகையால அறுக்க." எழுதியாச்சு. "உன் மோட்ரு தண்ணி இழுக்காம போவ." எழுதியாச்சு. இவுரு அடிக்கிறாரு, சிரிக்கிறாரு, கண்ண தொடைச்சிக்கிறாரு, மறுபடி அடிக்கிறாரு. என் தோச கருகிப் போச்சு, ஒருத்தருக்கும் மூக்கு இல்ல!

அப்புறம் வெளாட்டயும் பாத்தாங்க. ஒருத்தன் அடிபட்டு வுழுந்து கெடக்கான், கூட வந்தவன் ஓட்றான். "கூட வந்தவன வுட்டுட்டு ஓட்றானே, இவனுக்கு ஒரு திட்டு வாணாமாடா?"ன்னாங்க. இவுரு கை அப்பிடியே நின்னு போச்சு. ரெண்டு பேரும் எதுத்த செவுத்தயே பாத்துக்கினு... நான் டீய கொண்டாந்து வெச்சேன். அத்த எடுத்துக் குடிச்சாங்க. எங்க வூட்ல குடிச்ச மொத டீண்ணா அது. "சக்கர கம்மி"ன்னாங்க.

திருத்தி அனுப்பனவங்க பேர வெளிய போட்றது ஒரு மரியாதயாம். இவுரும் போட்டுட்டாரு, சின்னப்பிள்ளைன்னு. குரூப்புல பசங்க பயந்துட்டாங்க! பாட் தன்னத் தானே திருத்திக்க ஆரம்பிச்சிட்ச்சுன்னு. மலேசியாலேர்ந்து ஒரு புள்ள, சோகைன்னா இன்னான்னு கேக்குது. காஞ்ச கரும்பு எலதாண்ணா, கைய அறுத்துடும். அத்த ஒரு கட்டு சோகைய படம் புடிச்சி அனுப்புங்கறாங்க.

இப்ப ஞாயித்துக்கெழமயானா பஸ் ஏறி வந்துட்றாங்கண்ணா. பாட்டோட நிறுத்திக்கிறாங்களா? என் கொழம்புல உப்ப திருத்தறாங்க. கோலத்த திருத்தறாங்க. நான் துணி காயப்போட்றதயும் திருத்தறாங்க. என்னையும் ஓப்பன் சோர்ஸுன்னே நெனச்சிக்கினாங்க போல! போன வாரம் இவுருகிட்ட, "உன் பொண்டாட்டிக்கு வாய் மூடாதாடா?"ன்னு கேட்டாங்க. எனக்கு! நான் அதிகம் பேசறனாம்!

இன்னாண்ணா கேக்கறீங்க? அத்தைக்கு யாரு சொன்னதுன்னா?

...கிட்ட வாங்க. நான்தாண்ணா. சுகன்யாகிட்ட நம்பர் வாங்கி, பாட்ல அவுங்க பேர் இருக்கறத போட்டோ புடிச்சி, ஊரே சிரிக்குதுன்னு நான்தான் அனுப்பனேன். சிரிக்காதீங்க. வேற இன்னா பண்றது? வேலைலேர்ந்து வருவாரு. சட்டயக்கூட கழட்டாம கம்ப்யூட்டர தொறந்து, குரூப்புல ஆளில்லாத ஒரு ரூம்புல போயி உக்காந்துக்குவாரு. தானே ஒரு கெட்ட வார்த்த அடிப்பாரு. அது அத்த மாதிரி திட்டும். படிச்சிட்டுச் சிரிப்பாரு. கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கினு இருப்பாரு. மறுபடி ஒண்ணு அடிப்பாரு. இன்னாங்க பண்றீங்கன்னு கேட்டா, டெஸ்ட் பண்றேன் கல்பனான்னுவாரு.

டெஸ்ட்டாம்.