ட்ராயின் இடப்பக்க நாற்காலி

செவ்வாய்க்கிழமை என்றால் நான் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன், ஷெரிஃப். வயிறு நிறைந்தவனுக்குச் சோம்பல் வரும். சோம்பல் வந்தால் சுமாரான சீட்டுகூட அழகாகத் தெரியும். இந்த முப்பத்தோரு வருடமாக மெர்ல் நடத்தும் தீவனக் கடையின் பின்னறையில் போக்கர் ஆடி நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான். மீதிப் பாதியைக் கற்றுக்கொடுத்தது என் தொழில். பழைய டிராக்டர் விற்கிறவன் அவசரப்பட்டு முதலில் வாயைத் திறக்கமாட்டான். எதிராளி பேசட்டும் என்று காத்திருப்பான்.

நான் பொறுமைசாலி. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் எட்டு நாற்காலிகள். எட்டுக்கும் பித்தளைத் தகடு, பெயர் பொறித்தது. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவர் சாகும்வரை அது அவருடையது. எங்கள் மேசைக்காரன் டூலி மாடு திருடி இரண்டு வருடம் சிறையில் இருந்தான் அல்லவா? அந்த இரண்டு வருடமும் அவன் நாற்காலியில் மெர்ல் தன் பூனையைக்கூட ஏறவிடவில்லை. யாராவது போய்ச் சேர்ந்தால் மேசையில் மூத்தவர் விரும்பினால் அந்த இடத்துக்கு மாறலாம். மிச்சப்படும் இடம் கதவின் பின்புறம் சாக்குக்கட்டியால் எழுதிய பட்டியலில் முதல் ஆளுக்கு. உங்களுக்குத் தெரியாததா? பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறது.

பிரச்சினை ட்ராய் பிங்கமோடு வந்தது. அப்பாவின் மேய்ச்சல் நிலத்தைக் காற்றாலைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, செய்வதற்கு வேலையில்லாமல் போன பையன். வயது முப்பத்தைந்து இருக்கும். அவன் சீட்டாடுவதை நீங்கள் பார்த்ததில்லை. கையில் இரண்டு சீட்டு வரும், அதைத் திருப்பியே பார்க்கமாட்டான், பந்தயத்தை ஏற்றுவான். நாம் சரி என்றால் மறுபடியும் ஏற்றுவான். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கிற ஐந்து சீட்டும் தன் கல்யாணத்துக்கு வந்த மொய் என்பது மாதிரி சிரிப்பான்.

"என்ன பெருசு, சீட்டு குஞ்சு பொரிக்கும்னு அடைகாக்கறியா? போடு, இல்ல எந்திரி."

என்னிடம்தான் சொல்வான்.

இப்படிப்பட்டவனிடம் நம் ஆட்டத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றினேன். வெறுங்கையோடு அவனை மிரட்டுவதை அடியோடு விட்டேன். பயப்படத் தெரிந்தவனிடம்தான் மிரட்டல் செல்லும். நல்ல சீட்டு வந்தால் உப்புச்சப்பில்லாத முகத்தோடு "சரி" என்று மட்டும் சொன்னேன். ஏற்றுகிற வேலையை அவனே இலவசமாகச் செய்கிறபோது நான் ஏன் உடம்பை வருத்திக்கொள்ள வேண்டும்? முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கீழே வைக்கிற சுமாரான ஜோடியைக்கூட கடைசிவரை பிடித்துக்கொண்டேன். பத்துக்கு ஆறு தடவை அவன் கையில் ஒன்றுமே இருக்காது.

ஆனாலும் தோற்றுக்கொண்டிருந்தேன். காரணம் நாற்காலி. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றும். நான் ட்ராய்க்கு வலப்பக்கம். நான் முதலில் முடிவெடுக்க வேண்டும், பிறகு அவன் வந்து என் தலையில் ஏறுவான். அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவனுக்கோ கவலையே இல்லை. அந்தக் காட்டாறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வலையை விரிக்கலாம். அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. மேசையில் வேறு யாருக்கும் அதன் அருமை தெரியாது.

அந்த இடத்தில் ஆர்வில் ஹேக் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பற்றி எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எழுபத்தெட்டு வயது, மனைவி போய்ப் பத்து வருடம், ஒரு நாய், நாற்பது ஏக்கர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். ஆனால் அவர் அந்த நாற்காலியில் என்ன செய்தார் தெரியுமா? பெக்கான் கொட்டை உடைத்துத் தின்றார். வந்த சீட்டையெல்லாம் கீழே வைத்துவிட்டு, ஓட்டைத் தரையில் போட்டுவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசினார். உழத் தெரியாதவன் கையில் ஆற்றங்கரை நிலம் சிக்கியதைப் பார்த்தால் ஒரு விவசாயிக்கு வயிறு எரியாதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முறைப்படி போய்க் கேட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆர்வில், இடம் மாத்திக்கலாமா? ஜன்னல் பக்கம் காத்து வரும் உனக்கு."

"காத்து எனக்கு ஆகாது. முட்டி வலிக்கும்."

"டிராக்டருக்கு நாலு புது டயர் போட்டுத் தரேன்."

"டயரு நல்லாத்தான இருக்கு."

"ஒரு காளை தரேன். சிவப்புக் காளை."

அவர் ஒரு கொட்டையை உடைத்தார். பருப்பு முழுசாக வந்தது. அதை எனக்கு நீட்டினார்.

"லைல், இந்த நாற்காலில உக்காந்துதான் எங்கப்பன் செத்தான். இது விக்கறதுக்கு இல்லப்பா. நான் செத்தப்பறம் நீ எடுத்துக்க."

ஷெரிஃப், நான் வியாபாரி. முப்பது வருடத்தில் ஆர்வில் என்னிடம் ஒரு பொருளுக்கு இவ்வளவு தெளிவாக விலை சொன்னதே இல்லை. டயருக்கும் தராதவர், காளைக்கும் தராதவர், இதற்குத் தருகிறேன் என்று தன் வாயாலேயே சொன்னார். நான் பருப்பைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் யோசித்தேன். அவசரப்படுகிற ஆளாக இருந்தால் மறுநாளே செய்திருப்பேன்.

அவருடைய டிராக்டரை என் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி எண்ணெய் மாற்றினேன், இலவசமாக. அவருக்கு ரொம்ப சந்தோஷம். பிரேக் கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்று உண்டு. சுட்டுவிரல் அளவுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு காய்ந்த குச்சியைச் சொருகினேன். சமதரையில் குச்சி தாங்கும். ஆர்விலின் மாட்டுக் குட்டைக்குப் போகிற சரிவு சமதரை அல்ல. ஒவ்வொரு காலையும் அவர் அந்தச் சரிவில் இறங்குவார். எந்த நாள் என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அவர் எப்போது இறங்கினார், எவ்வளவு அழுத்தி மிதித்தார் என்பதெல்லாம் அவர் கையில் இருந்த விஷயம். நான் சீட்டைக் கொடுத்தேன், ஆட்டத்தை ஆடியவர் அவர்.

புதன்கிழமை காலையில் நடந்தது. வயதான மனிதர், வயதான டிராக்டர் என்று ஊரே சொல்லிற்று. நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். சவப்பெட்டியின் முன் இடதுமுனையை நான் தூக்கினேன். அவருடைய நாய் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது.

அடுத்த செவ்வாயன்று மூத்தவன் என்ற உரிமையில் இடம் மாறினேன். முதல் வேலையாக நாற்காலிக்கு அடியில் கிடந்த ஓடுகளைப் பெருக்கினேன். மெர்ல் அழுதுகொண்டே முறத்தைப் பிடித்தார். என் பழைய நாற்காலி பட்டியலில் முதலில் இருந்த பல் டாக்டருக்குப் போயிற்று.

அந்த ஐந்து செவ்வாய்க்கிழமைகள்! ஆச்சரியக்குறி போட வேண்டாம், அடித்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது, கணக்கு சரியாக இருந்தது என்பதுதான். ட்ராய் ஏற்றுவான், மற்றவர்கள் ஒதுங்குவார்கள், நான் "சரி" என்பேன். அவனுக்கு நான் என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை. தன் சீட்டையே பார்க்காதவன் அடுத்தவனை எங்கே பார்க்கப்போகிறான்?

ஆறாவது செவ்வாய்தான் நேற்று. சீட்டுப் போடுபவர் தவறுதலாக நம் சீட்டை அள்ளிவிடாமலிருக்க அதன்மேல் ஏதாவது ஒரு பாரம் வைப்பது எங்கள் வழக்கம். ட்ராய் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனியை வைப்பான். ஆர்வில் ஒரு பெக்கான் கொட்டை வைப்பார். நான் பல வருடமாக ஒரு வெள்ளிக் காசு வைத்திருந்தேன். சமீபத்தில் மாற்றினேன். அந்த ஆணியைப் பட்டறையில் போட்டு வைக்க மனம் வரவில்லை, சட்டைப்பையில் கிடந்தது, கைக்கு அடக்கமாக நல்ல கனம். மேலிருந்த சாயத்தைச் சுரண்டித்தான் வைத்திருந்தேன்.

கையில் இரண்டு ஒன்பது. நடுவில் ஒரு ஒன்பது, ஒரு ராஜா, இரண்டு நாலு, ஒரு இரண்டு. மூன்று ஒன்பதும் ஒரு ஜோடி நாலும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற கை. ட்ராய் ஏற்றினான், ஏற்றினான், கடைசியில் முன்னாலிருந்த பந்தயச் சில்லு அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். இதற்காகத்தான் எல்லாமே. நான் "சரி" என்றேன்.

அவன் சீட்டைத் திருப்பவில்லை.

"பெருசு, உன் வெள்ளிக் காசு எங்க?"

"வீட்ல இருக்கு. சீட்டக் காட்டு."

"இந்த ஆணிய எங்க புடிச்ச?"

"பட்டறையில ஆணிக்கா பஞ்சம்? காட்டுடா."

அவன் குனிந்து பார்த்தான். அவன் அவ்வளவு நேரம் எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை. "மரைக்குள்ள ஆரஞ்சு சாயம்," என்றான். குரலில் வழக்கமான நக்கல் இல்லை. "எரவல் போனா திரும்பி வரணும்னு ஆணிக்கெல்லாம் சாயம் பூசற கிறுக்கன் இந்த ஊர்ல ஒருத்தன்தான் இருந்தான். போன வருசம் அவரோட வேலி ஆணிக்கெல்லாம் நான்தான் பூசிக் குடுத்தேன். லைல், இது ஆர்வில் பெருசோட டிராக்டர் பிரேக் ஆணி."

மெர்ல் தொலைபேசியை எடுத்தார். பல் டாக்டர் எழுந்து கதவருகே நின்றார். அதன்பிறகு நீங்கள் வந்தீர்கள்.

காட்டு என்று கேட்டவருக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். அது மேசை விதி. நீங்கள் கேட்டீர்கள், என் சீட்டைத் திருப்பிவிட்டேன். ஆர்வில் ஹேக்கைக் கொன்றது நான். ஆனால் அந்தக் கை இன்னும் முடியவில்லை. ட்ராயின் இரண்டு சீட்டும் கவிழ்ந்தபடியே கிடக்கின்றன. அவற்றைத் திருப்பிப் பார்த்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொன்று. நான் எத்தனை வருடம் உள்ளே இருந்தாலும் அந்த நாற்காலி என்னுடையது. டூலிக்குச் செய்ததை எனக்கும் செய்யவேண்டும். நான் சாகும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. இடப்பக்கத்தின் அருமையை உங்களிடம் விளக்கிவிட்டேன், அதனால் இது நியாயம் என்று உங்களுக்கே புரியும்.

வழக்கைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நேற்று வெளியே வரும்போது கதவின் பின்புறத்தைப் பார்த்தேன். பல் டாக்டர் மேசைக்கு வந்துவிட்டதால் பட்டியலில் இப்போது முதல் பெயர் உங்களுடையது. இரண்டாவது அரசு வக்கீல். மூன்றாவது நீதிபதி. அந்த நாற்காலியின் மதிப்புத் தெரிந்தவர்கள் கையில்தான் என் உயிர் இருக்கிறது, ஷெரிஃப். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.